திரை முன் எட்டு மணி நேரம்: கவனம் தளர்வதை எந்தக் கண்ணசைவை வைத்துக் கண்டுபிடிப்பது?

அனல்மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, சுவர் முழுக்க கேமராப் படங்கள் ஓடும் பாதுகாப்பு அறை என்று எங்கே போனாலும் வேலையின் இயல்பு ஒன்றுதான். ஷிஃப்ட் முழுக்க ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான நேரம் ஒன்றும் நடக்காது. நடக்கிற அந்த இரண்டு நிமிடத்தில் அவர் கவனம் வேறெங்கோ இருந்தால், அவரை அங்கே உட்காரவைத்ததற்கே அர்த்தமில்லை.

இதற்குத் தீர்வு என்று விற்பனைக்கு வருபவை கண்ணைப் பார்க்கும் கருவிகள். மானிட்டருக்குக் கீழே ஒரு கேமரா, கூடவே அகச்சிவப்பு விளக்கு, பின்னால் ஒரு மென்பொருள். ஆபரேட்டர் அசந்தால் மணியடிக்கும். வாங்கலாமா, வாங்குவதென்றால் கண்ணின் எதை அளக்கும் கருவியை வாங்குவது? இமை, கண்மணி, பார்வைத் தாவல், பார்வை சுற்றும் பாதை ஆகிய நான்கும் நான்கு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. விளம்பரத் தாளில் மட்டும் எல்லாமே ‘கவனம்’ என்ற ஒரே பெயரில் வருகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைட் ஷிஃப்டில் தூக்கம்தான் கவலை என்றால் இமையை அளக்கும் கருவி போதும். விழித்திருந்தும் கோட்டை விடுவதுதான் கவலை என்றால், கண்ணை மட்டும் தனியாக அளக்கும் எந்தக் கருவியும் போதாது. திரையில் ஒன்று மாறும்போது பார்வை அங்கே போகிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்மணியின் அகலத்தையும் தாவலின் வேகத்தையும் ஆய்வகத்துக்கே விட்டுவிடலாம்.

தூக்கம் வேறு, கவனம் விலகுவது வேறு

இந்தப் பிரிவினை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் ஆட்கள் கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி மணிக்கணக்கில் திரையைப் பார்த்தார்கள்; நேரம் ஆக ஆகத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். எண் எதுவும் இல்லாத வெள்ளை முகப்பு, ஒரே முள், நொடிக்கு ஒரு படி, ஒரு சுற்றுக்கு 100 படி. எப்போதாவது முள் இரண்டு படி தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. அவர் 1948-ல் வெளியிட்ட முடிவின்படி, கண்டுபிடிக்கும் திறன் முதல் அரை மணிக்குள்ளேயே தெளிவாகச் சரிந்தது. இரவெல்லாம் கண்விழித்துச் சோர்ந்தவர்களை வைத்து நடத்திய சோதனை இல்லை இது.

அதைவிடச் சங்கடமானது 1964-ல் வந்தது. மேக்வொர்த்தும் இரண்டு சகாக்களும் இதே மாதிரி வேலையில் கண்ணசைவைப் பதிவுசெய்தார்கள். பார்வை சரியாக அந்தச் சமிக்ஞையின் மேலேயே இருந்தபோதும் அதைத் தவறவிட்டவர்கள் இருந்தார்கள். 2013-ல் அமெரிக்காவில் நடந்த கொரில்லா பரிசோதனையும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. நுரையீரல் ஸ்கேன் படங்களுக்குள் ஒரு கொரில்லாப் படத்தைச் செருகி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லாவின் மேலேயே போயிருந்தது. அது நேரம் ஆக ஆகத் தளர்வதைப் பற்றிய ஆய்வு இல்லை, சரி. ஆனால் கண் ஓரிடத்தில் இருப்பதை மனமும் அங்கே இருப்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதைக் காட்ட இது போதும்.

ஆக, கருவி விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் கருவி தூக்கத்தைக் கண்டுபிடிக்கிறதா, கவனம் விலகுவதையா? ‘இரண்டையும்’ என்று யோசிக்காமல் சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

இமை

அதிகாலை மூன்று, நாலு மணிக்கு ஒரு ஆபரேட்டரின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கருவியே தேவையில்லை. இமைப்பு மெதுவாகிவிடும். இமை இறங்கும் வேகமும் குறையும், ஏறும் வேகமும் குறையும். நடுவில் மூடியே இருக்கும் நேரம் கூடும். விழுகிற இமையைத் தூக்கிப் பிடிக்க நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்துவார். விழி தன்னிஷ்டத்துக்கு மெல்ல ஒரு பக்கம் உருளும். சாதாரண இமைப்பு ஒன்று நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நாலு பங்குக்குள் முடிந்துவிடும். அரை நொடியைத் தாண்டிய மூடல்கள் வரிசையாக வந்தால் அது தூக்கம்தான்.

இதை எண்ணாக்கிய அளவுகோல்களில் அதிகம் புழங்குவது பெர்க்ளோஸ். கண்மணி 80 சதவீதமோ அதற்கு மேலோ இமையால் மூடியிருக்கும் நேரம், ஒரு நிமிடம் மாதிரியான கால அளவில் எத்தனை பங்கு என்பதுதான் அது. 1990-களில் வர்ஜீனியாவில் வால்டர் வியர்வில் குழு வாகன ஓட்டிகளுக்காக இதை வகுத்தது. அப்போது போட்டியிலிருந்த மற்ற அளவீடுகளோடு ஒப்பிட்டு, தூக்கத்தால் வரும் கவனச் சறுக்கல்களோடு நன்றாகப் பொருந்துவது இதுதான் என்று 1998-ல் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை எடுத்துச் சொன்னது. சுரங்க லாரிகளின் கேபினில் இருக்கும் கேமராக்கள் பார்ப்பதும் பெரும்பாலும் இமையைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் தூக்க எச்சரிக்கை கட்டாயம் என்பதால் இந்தத் தொழில்நுட்பம் மலிவாகியும் வருகிறது. சாதாரண கேமரா வேகமே போதும், தலை அசைந்தாலும் தாங்கும். வாங்குபவருக்கு இவை பெரிய வசதிகள்.

ஆனால் லாரியிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு வரும்போது ஒரு சின்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுக்கிறது: லாக் புக். மணிக்கு ஒருமுறை ரீடிங் எழுத ஆபரேட்டர் குனிவார். எதிரே இருந்து பார்க்கிற கேமராவுக்குக் குனிந்து எழுதுபவரின் கண் மூடிய கண்ணாகத்தான் தெரியும். ஒழுங்காக வேலை செய்பவருக்கு மணியடிக்கும். நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டே வீட்டுக் கடனைப் பற்றி யோசிப்பவருக்கு அடிக்காது. தலையின் சாய்வைக் கணக்கில் எடுக்காத கருவி என்றால் அங்கேயே நிராகரித்துவிடலாம். வயதால் இமை தளர்ந்தவர்கள், தடித்த கண்ணாடி போட்டவர்கள், கண்மை தீட்டியவர்கள் ஆகியோரிடமும் சோதித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் அகச்சிவப்பு விளக்கு பிரதிபலித்துக் கண்மணியை மறைக்கும். கரிய மை, கண்மணியின் விளிம்பு எது என்பதில் மென்பொருளைக் குழப்பும்.

இன்னொன்று, பெர்க்ளோஸ் தாமதமாகப் பேசும் அளவீடு. அது ஏறும்போது ஆள் ஏற்கெனவே தூங்கத் தொடங்கியிருப்பார். அதற்கு முன்பே சொல்லக்கூடியது ஒவ்வொரு இமைப்பும் நீளும் போக்கு. அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் கண்காணிப்பு வேலைச் சோதனை ஒன்று (2014-ல் வெளியானது), திறன் சரியச் சரிய இமைப்பின் எண்ணிக்கையும் நீளமும் கூடுவதைக் காட்டியது. இந்த இரண்டில் நான் நீளத்தை நம்புவேன், எண்ணிக்கையை நம்ப மாட்டேன். நிமிடத்துக்கு எத்தனை இமைப்பு என்பது ஏசி காற்றின் வறட்சியாலும் மாறும், கான்டாக்ட் லென்ஸாலும் மாறும், நெருக்கமான எழுத்தைப் படிக்கும்போது தானாகவே குறையும். மனம் அலையும்போது இமைப்பு கூடுவதாக 2010-ல் கனடாவில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது ஆய்வகத்தில், படித்துக்கொண்டிருந்தவர்களிடம் பார்த்தது. நம் அறையில் ஏசி எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதே பாதி விடை.

தாவலின் வேகம்

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கண் குதிப்பதைத்தான் தாவல் என்கிறேன். எவ்வளவு தூரம் குதித்தால் எவ்வளவு உச்ச வேகம் என்பதில் ஒரு நிலையான உறவு இருப்பதை பாஹில், கிளார்க், ஸ்டார்க் மூவரும் 1975-ல் விளக்கினார்கள். சோர்வு ஏறினால் அதே தூரத்துக்கான வேகம் கொஞ்சம் இறங்கும். நாம் வேண்டுமென்று கூட்டவோ குறைக்கவோ முடியாத வேகம் இது. அதனால் ஏமாற்ற முடியாது. காகிதத்தில் மிக அழகான அளவீடு.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 டிகிரி தாவல் ஒன்று சுமார் 45 மில்லி நொடியில் முடிந்துவிடும். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் வெப்கேம், 33 மில்லி நொடிக்கு ஒரு படம் எடுக்கிறது. ஒரு தாவலுக்கு ஒரு படம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதை வைத்து உச்ச வேகத்தில் ஏற்படும் சில சதவீத இறக்கத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். நொடிக்கு சில நூறு படங்கள் எடுக்கும் கருவி வேண்டும். ஆய்வகங்களில் 1000 படம் எடுப்பவை இருக்கின்றன. விலை பல லட்சம், பெரும்பாலும் தாடையை ஒரு தாங்கியில் வைத்து உட்கார வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி யார் உட்காருவார்கள்? போதாததற்கு மதுவும் தூக்க மாத்திரைகளும் இந்த வேகத்தைக் குறைக்கும் என்பதால், இறங்கியது எதனால் என்றும் இது சொல்லாது. ஷிஃப்ட் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் உட்காரவைத்துப் பார்க்கும் சோதனையாக வேண்டுமானால் இதற்கு ஒரு இடம் இருக்கலாம்.

கண்மணி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வெளிச்சம் மாறினால் கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை போகும். மன உழைப்பால் வரும் மாற்றம் அரை மில்லிமீட்டர் அளவில்தான். கருப்புப் பின்னணித் திரையிலிருந்து வெள்ளைப் பின்னணி ட்ரெண்ட் (அளவு மாறுவதைக் கோடாகக் காட்டும் வரைபடம்) பக்கத்துக்கு ஆபரேட்டர் மாறினாலே அந்த அரை மில்லிமீட்டர் மூழ்கிவிடும். தூக்கம் வரும்போது இருட்டில் கண்மணி அலைபோல விரிந்து சுருங்கும் என்பது 1963-லிருந்தே தெரிந்த விஷயம். ஜெர்மனியில் இதை வைத்துப் பகல் தூக்கத்தை அளக்கும் மருத்துவச் சோதனையே இருக்கிறது. அது இருட்டறையில் 11 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து செய்வது. ஓடுகிற ஷிஃப்டுக்கு ஒத்துவராது.

பார்வை எங்கெங்கே போகிறது

எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். ஒரு யூனிட் கன்ட்ரோல் ரூமை எடுத்துக்கொள்வோம். டிரம் லெவல், ஃபர்னஸ் டிராஃப்ட், கண்டென்சர் வேக்குவம், டர்பைன் வைப்ரேஷன், அலாரம் பக்கம் என்று ஆறேழு திரைகள். ஷிஃப்ட் தொடங்கியதும் ஆபரேட்டரின் பார்வை எல்லாவற்றையும் சுற்றி வரும். நேரம் ஆக ஆகச் சுற்று சுருங்கும். கடைசியில் பழக்கமான இரண்டு திரைகளுக்கு நடுவே மட்டும் போய் வரும். அல்லது ஒரே ட்ரெண்டின் மேல் வெறித்து நிற்கும். இந்தச் சுருக்கத்தை அளப்பது சுலபம். ஒவ்வொரு திரைக்கும் கடைசியாகப் பார்த்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரு கணக்கு வைத்தால் போதும். நொடிக்கு 60 படம் எடுக்கும் சாதாரணக் கருவியே இதற்குத் தாராளம். திரைகள் தள்ளித்தள்ளி இருந்தால் தலை திரும்பும் திசையே பாதி வேலையைச் செய்துவிடும்.

இதன் பெரிய பலம், கருவி சொல்லும் செய்தி அந்த நிமிடமே வேலைக்கு உதவுவது. ‘உங்கள் கவனம் 62 சதவீதம்’ என்று திரையில் வந்தால் யாருக்கு என்ன பயன்? ‘வேக்குவம் பக்கத்தை 25 நிமிடமாக யாரும் பார்க்கவில்லை’ என்று வந்தால், காரணம் கவனக்குறைவோ வேறு வேலையோ, ஒருவர் திரும்பிப் பார்த்துவிடுவார். யாரையும் குற்றம் சொல்லவும் தேவையில்லை.

பலவீனங்களும் உண்டு. அனுபவசாலி குறைவாகப் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்வார். புதியவர் எல்லாத் திரையையும் பரபரப்பாகச் சுற்றுவார். எண்ணை மட்டும் பார்த்தால் புதியவருக்குத்தான் நல்ல மதிப்பெண். இரண்டு பேர் திரைகளைப் பிரித்துக்கொண்டு பார்க்கும் அறையில் தனித்தனியாக அளந்தால் இருவருமே குறைவாகப் பார்ப்பதாக வரும், ஆகவே அறை முழுக்கச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்புறம், இதை வைத்து மதிப்பெண் போட ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாத் திரையையும் கடமைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வெறிப்பார்கள். 1964-ன் சிக்கல் அப்போதும் நிற்கிறது: பார்த்தார், மனதில் பதியவில்லை.

அந்தச் சிக்கலுக்கு மிக அருகில் போகும் வழி, பார்வையைத் திரையில் நடப்பதோடு கோர்ப்பது. வாசிப்பைப் பற்றி 2010-ல் வந்த ஒரு ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. மனம் வேறெங்கோ இருக்க, கண் மட்டும் வரிகளின் மேல் ஓடும் அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்போது கண் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அரிய சொல்லில் கூடுதல் நேரம் நிற்பது, பழகிய சொல்லைச் சட்டென்று தாண்டுவது என்ற வழக்கமான வேறுபாடு மங்கிவிடுகிறது என்று அந்த ஆய்வு கண்டது. கண் அசைவது நின்றுவிடுவதில்லை. எதிரே இருப்பதற்கேற்ப அசைவதுதான் குறைகிறது.

கன்ட்ரோல் ரூமில் இதைச் செய்வதற்கான பாதிப் பதிவு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. எந்த அலாரம் எந்த நொடியில் வந்தது, எந்த அளவு எப்போது எல்லையை நெருங்கியது என்பதெல்லாம் டிசிஎஸ் (ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பு) பதிவில் நேரத்தோடு கிடக்கிறது. பார்வைக் கருவியின் கடிகாரத்தை அதோடு ஒத்திசைத்தால், ஒரு மாற்றம் வந்தபின் பார்வை அந்தத் திரைக்கு வர எத்தனை நொடி ஆகிறது என்பது கிடைத்துவிடும். ஷிஃப்டின் முதல் மணியில் நாலு நொடி, ஆறாம் மணியில் இருபது நொடி என்று நீண்டால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒலி எழுப்பும் அலாரங்களை இதில் சேர்க்கக் கூடாது, சத்தம் கேட்டால் யாரும் திரும்புவார்கள். ஒலியில்லாமல் மெல்ல நகரும் அளவுகளைத்தான் எடுக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் வேலை செய்யும் பொருள் இல்லை இது. இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்கள் சில வாரம் உட்கார வேண்டும். இருந்தாலும் பகல் ஷிஃப்டுக்கு நான் பணம் செலவழிப்பதென்றால் இதற்குத்தான்.

கண்ணையே பார்க்காத வழிகள்

விமான நிலைய எக்ஸ்ரேயில் வேறொரு உத்தி உண்டு. நிஜப் பைகளின் படத்தில் அவ்வப்போது துப்பாக்கி, குண்டு போன்ற போலிப் படங்களை மென்பொருளே செருகும். கண்டுபிடித்தாரா இல்லையா என்பது பதிவாகும். இது கவனத்தை அளப்பதோடு கொஞ்சம் காப்பாற்றவும் செய்கிறது. அரிதாக வருவதை மனிதர்கள் அதிகம் தவறவிடுவார்கள் என்பதை ஜெர்மி வுல்ஃப் குழு 2005-ல் காட்டியிருக்கிறது. தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது தவறியது 7 சதவீதம். நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். கேமரா அறைகளுக்கு இந்த உத்தி அருமையாகப் பொருந்தும். ஓடுகிற பாய்லரின் திரையில் போலி அலாரம் செருகுவதை மட்டும் எந்தப் பொறியாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது.

நம் ரயில் எஞ்சின்களில் இருக்கும் விழிப்புக் கருவி இன்னொரு வகை. ஒரு நிமிடம் அளவுக்கு ஓட்டுநர் எதையும் இயக்காவிட்டால் விளக்கு எரியும், பிறகு ஒலி, பிறகு பிரேக். மலிவு, உறுதி. ஆனால் பழகிய கை பாதித் தூக்கத்திலும் பொத்தானை அழுத்திவிடும்.

எல்லாவற்றையும்விட மலிவானது ஆளை மாற்றுவது. எக்ஸ்ரே படம் பார்ப்பவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, பிறகு 10 நிமிடமாவது வேறு வேலை என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. மேக்வொர்த்தின் அரை மணிச் சரிவை நினைத்துப் பார்த்தால் இது புரியும். மூன்று பேர் வேண்டிய அறையில் இரண்டு பேரை வைத்துவிட்டு, மிச்சமான சம்பளத்தில் கண் கருவி வாங்குவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

பொய் மணி

எதை வாங்கினாலும் இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 12 ஆபரேட்டர்கள், 8 மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு தீர்ப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு ஷிஃப்டில் 5,760 தீர்ப்புகள். கருவி நூற்றுக்கு ஒருமுறை மட்டுமே பொய்யாக அடிக்கும் என்றாலும் கிட்டத்தட்ட 58 பொய் மணிகள். உண்மையில் அசந்தது நாலைந்து முறையாக இருக்கும். ஒரே வாரத்தில் யாராவது கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். விற்பவர் சொல்லும் 99 சதவீதத் துல்லியத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். எல்லோருக்கும் ஒரே எல்லையை வைக்காமல், ஒவ்வொருவரின் ஷிஃப்ட் தொடக்க அளவோடு அவரையே ஒப்பிடும் கருவியாக இருந்தால் பொய் மணி நிறையக் குறையும்.

எந்த அறைக்கு எது

ஆலையின் நைட் ஷிஃப்டுக்கு இமைப்பின் நீளமும் பெர்க்ளோஸும் சேர்ந்த கருவி, அதுவும் தலைச் சாய்வைப் புரிந்துகொள்வது. பகல் ஷிஃப்டில் எந்தத் திரை பார்க்கப்படாமல் கிடக்கிறது என்ற எளிய கணக்கில் தொடங்கி, ஆளும் நேரமும் இருந்தால் டிசிஎஸ் பதிவோடு கோர்ப்பது. கேமரா அறைக்கு முதலில் 20, 30 நிமிடச் சுழற்சி, அடுத்து போலிப் படங்கள், கண் கருவி அதற்கும் பிறகு. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் ஷிஃப்ட் பட்டியலைத் திருத்துங்கள்.

டெமோவைப் பகலில் மீட்டிங் ஹாலில் நடத்த விடாதீர்கள். அதிகாலை நாலு மணிக்கு உங்கள் அறையில், உங்கள் வெளிச்சத்தில் நடத்தச் சொல்லுங்கள். ஒருவர் பத்து நிமிடம் லாக் புக் எழுதட்டும், பைஃபோக்கல் போட்ட ஒருவர் உட்காரட்டும், கண்மை போட்ட ஒருவர் உட்காரட்டும். வெறும் மதிப்பெண் இல்லாமல் மூலத் தரவையும் தருவார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் பொய் மணி ஏன் அடித்தது என்று உங்களால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. முகமும் கண்ணும் பதிவாவதால் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சட்டப் பிரிவிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். மணி யாருக்கு அடிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: முதலில் அந்த ஆபரேட்டருக்கு, அடுத்து பக்கத்து நாற்காலிக்கு, அதன்பின் ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு. ஹெச்ஆர் அறைக்கு அந்த லைன் போகக் கூடாது.